சிஏ முடித்த பிறகும் கையில் அதே ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கவர்

கேள்வி கேட்ட பெண்மணி திருமங்கலம் போகும் வழியில் உள்ள ஒரு நூல் மில்லில் ஏழு வருடமாக அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ். குடும்பம் நடத்தும் தனியார் கம்பெனி, ஆண்டு விற்றுமுதல் ஏறத்தாழ 240 கோடி. சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிப்பின் ஆர்ட்டிகல்ஷிப் பயிற்சியை முடித்து, ஃபைனல் தேர்வு பாதியில் நின்றபோது வேலைக்குச் சேர்ந்தவர். ஆறாவது அட்டெம்ப்டில் மிச்சமிருந்த குரூப்பும் முடிந்துவிட்டது. அன்று எம்டி பொன்னாடை போர்த்தினார், ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ், குரூப் போட்டோ. நாலு மாதம் ஆகிறது. பதவிப் பெயர் மாறவில்லை, சம்பளம் மாறவில்லை. “மாதா மாதம் பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (கையிருப்புச் சரக்கு, வரவேண்டிய பாக்கிக் கணக்கு) கவரைக் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் நான்தான். பொம்பளப் பிள்ளை, மதுரையை விட்டு எங்கே போகப்போகுது என்று எம்டி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. நான் எதிர்பார்ப்பது தப்பா? வேலையை விட்டுவிடவா?” என்று கேட்கிறார்.

எதிர்பார்ப்பது தப்பே இல்லை. எனக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது, 1998இல், வேறொரு மில்லில். வெள்ளிக்கிழமை பொன்னாடை. திங்கட்கிழமை காலையில் என் மேஜையில் ஒரு நீளமான லிஸ்ட்: கேரளா பார்ட்டிகளிடம் வரவேண்டிய சி ஃபாரம் பாக்கி (வெளிமாநில விற்பனைக்குச் சலுகை வரி கிடைக்க, வாங்கியவர் தரவேண்டிய படிவம் அது). “நீதான் அவங்ககிட்ட நல்லா பேசுவே, போன் போட்டு வாங்கிரு” என்றார் மேனேஜர். ஜிஎஸ்டிக்கு முந்தைய காலத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

கோபம் ஆறிய பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் உண்மையிலேயே எதுவும் மாறியிருக்கவில்லை. உங்கள் விஷயத்திலும் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும்.

நம் ஊரில் சிஏ என்றால் ஆடிட்டர். வேறு பெயரே கிடையாது. நீங்கள் பாஸானதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் “ஆடிட்டர் ஆயிட்டியா?” என்றுதான் கேட்டிருப்பார்கள். ஆனால் ஒரு கம்பெனியின் ஊழியர் அதே கம்பெனிக்கு ஆடிட்டராக இருக்கவே முடியாது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 141ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. வேறு கம்பெனிக்குக் கையெழுத்துப் போடலாமா என்றால் அதுவும் இல்லை. அதற்கு முழுநேரத் தொழில் சான்றிதழ், அதாவது சிஓபி, வேண்டும். முழுநேர வேலையில் இருந்துகொண்டு தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட, சிஏக்களை நெறிப்படுத்தும் இன்ஸ்டிட்யூட் விடாது. கையெழுத்தோடு 18 இலக்கத்தில் யுடின் எண் (ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி அடையாள எண்) போடுவார்களே, அதெல்லாம் உங்கள் வெளி ஆடிட்டரின் உலகம். ஆக, உங்கள் எம்டி கண்ணில் படுவது இவ்வளவுதான்: நேற்று வரை வேலை செய்த பெண் இன்று ஒரு பெரிய பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் ஆடிட் ஃபீஸில் ஒரு ரூபாய் குறையவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வியாபாரி. அவ்வளவுதான்.

இதோடு உள்ளூர் மாடு விலை போகாத கதையும் சேர்ந்துகொள்கிறது. இதே தகுதியோடு சென்னையிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்திருந்தால் முதல் நாளே தனி அறை கொடுத்திருப்பார்கள். நீங்கள் வவுச்சர் ஒட்டிய நாளிலிருந்து அவர்கள் கண்முன்னே வளர்ந்தவர். அவர்களுக்கு நீங்கள் இன்னும் அந்தப் பிள்ளைதான்.

சரி, முதல் வேலை காகிதம். ஃபைனல் பாஸ் ஆவதும் சிஏ ஆவதும் ஒன்றல்ல. இன்ஸ்டிட்யூட்டில் உறுப்பினராகச் சேர்ந்து, உறுப்பினர் எண் வந்த பிறகுதான் பெயருக்கு முன்னால் சிஏ என்று போட்டுக்கொள்ள உரிமை. அதற்கு முன் போடுவதை 1949ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் குற்றமாகவே பார்க்கிறது. நாலு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், உறுப்பினர் எண் வாங்கியதாக எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் இன்றைக்கே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். கையில் வந்ததும் அதன் நகலை ஒரு பக்கக் கடிதத்தோடு கம்பெனிக்குக் கொடுத்து, என் பணிக் கோப்பில் சேர்க்கவும் என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். பொன்னாடைக்கு ரெக்கார்டு கிடையாது. கடிதத்துக்கு உண்டு.

அடுத்து, நீங்கள் கேள்வியில் ஒரே வரியில் தாண்டிப்போன ஒரு ஆள்: 22 வருடமாக இருக்கும் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். பி.காம். உங்களுக்கு டேலி கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான் என்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் பதவி உயர்வு நிற்பது எம்டியிடம் இல்லை, இவர் மரியாதையில். உங்களை ‘ஃபைனான்ஸ் மேனேஜர்’ ஆக்கினால் அந்த மனுஷனை எங்கே உட்காரவைப்பது? குடும்பக் கம்பெனிகளில் இது சாதாரண விஷயம் இல்லை. முதலாளியின் அப்பா காலத்து ஆள். பீரோ சாவி அவரிடம். எந்தப் பார்ட்டிக்கு எவ்வளவு கடன் விடலாம் என்பது கம்ப்யூட்டரில் இல்லை, அவர் தலையில் இருக்கிறது. அவரைச் சங்கடப்படுத்துவதைவிட உங்களைக் காக்கவைப்பது முதலாளிக்குச் சுலபம்.

நான் இந்த இடத்தில்தான் சறுக்கினேன். பாஸான வேகத்தில் மேனேஜர் போட்டு வைத்திருந்த தேய்மானக் கணக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும் சொன்னேன். கணக்கு சரிதான். ஆனால் அடுத்த ஒன்றரை வருடம் எந்த ஃபைலும் முழுதாக என் கைக்கு வரவில்லை. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அவர் இடத்தைக் கேட்காதீர்கள், அவருக்கு மேலேயும் கேட்காதீர்கள். பக்கத்தில் கேளுங்கள். அவருக்கே தலைவலியாக இருக்கும் வேலைகள் நாலைந்து இருக்கும்: ஜிஎஸ்டி நோட்டீஸ், வருமான வரி பதில்கள், பேங்க் ரின்யூவல், ஆடிட்டர் கேட்கும் ஷெட்யூல்கள். “அண்ணே, இதை நான் முழுசா எடுத்துக்கிறேன், நீங்க பர்ச்சேஸையும் பார்ட்டி பாக்கியையும் பாருங்க” என்று அவரிடமே முதலில் சொல்லுங்கள். எம்டியிடம் அவர் வாயால் போனால், பாதி வேலை முடிந்தது.

இப்போது அந்தக் கவருக்கு வருவோம். நீங்கள் எதை அவமானமாக எழுதியிருக்கிறீர்களோ, உங்கள் படிப்புக்கு அந்த அலுவலகத்தில் உள்ள மிகப் பெரிய வேலை அதற்குள்தான் இருக்கிறது.

வங்கியில் 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் அனுமதி இருக்கும் கம்பெனி, காலாண்டுதோறும் வங்கிக்குக் கொடுக்கும் கணக்கு, தன் புத்தகக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் எழுதியே ஆகவேண்டும். ஆடிட்டர் தன் அறிக்கையில் எதையெல்லாம் எழுதவேண்டும் என்று சொல்லும் காரோ 2020 என்ற உத்தரவில் இருக்கிறது. 2021-22 நிதியாண்டிலிருந்து நடைமுறை. கம்பெனியும் தன் நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் அதைச் சொல்லவேண்டும். 240 கோடி விற்றுமுதல் உள்ள நூல் மில்லுக்கு 5 கோடிக்கும் குறைந்த லிமிட் இருக்க வாய்ப்பே இல்லை, பஞ்சு வாங்கவே அது போதாது. இனி உங்கள் கவரைத் திறந்து பாருங்கள். பஞ்சு ஸ்டாக் யார் சொன்ன எண்? குடோன்காரர் போனில் சொன்னதா, புத்தகத்தில் உள்ளதா? 90 நாள் தாண்டிய பாக்கிகளைக் கழித்துத்தான் வங்கிகள் வழக்கமாக டிராயிங் பவர், அதாவது எடுக்கக்கூடிய கடன் அளவு, போடும். அந்தப் பாக்கிகள் சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது போன மாத ஃபைலைத் திறந்து எண்ணை மட்டும் மாற்றினார்களா? மாற்றியிருப்பார்கள். பல இடங்களில் நான் பார்த்தது அதுதான். யாரும் திருடவில்லை, அவசரம். ஆனால் வருடக் கடைசியில் ஆடிட்டர் வித்தியாசத்தைப் பட்டியல் போட்டு எழுதினால், லிமிட் ரின்யூவலின்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு வங்கி மேனேஜர் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி நேராக எம்டி காதில் விழும்.

ஆகவே கவரைக் கொண்டுபோவதை நிறுத்தாதீர்கள். அதற்குள் இருப்பதை உங்களுடையதாக்குங்கள். ஒரு காலாண்டுக்கு வங்கிக்குக் கொடுத்த எண்ணையும் புத்தக எண்ணையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வித்தியாசம் எதனால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி எம்டியிடம் காட்டுங்கள். இதைச் செய்ய சட்டப்படி சிஏ வேண்டியதில்லை. ஆனால் சிஏ படித்தவருக்குத்தான் இது ஏன் வேண்டும் என்று தெரியும்.

பணமாகத் தெரியும் இடம் இன்னொன்று. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும். கெடு தாண்டியும் கொடுக்காமல் வருடத்தை முடித்தால் அந்தச் செலவு அந்த வருட வருமான வரிக் கணக்கில் ஏறாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் ஏறும். ஆடிட்டர்கள் வாயில் 43பி எச் (1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் உட்பிரிவு) என்று புழங்குவது இதுதான், 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்தது. உங்கள் மில்லுக்கு அட்டைப்பெட்டி, கோன், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் வருவது பெரும்பாலும் சின்னப் பட்டறைகளிலிருந்துதானே? உதாரணத்துக்கு, மார்ச் 31 அன்று கெடு தாண்டிய பாக்கி 40 லட்சம் என்று வையுங்கள். 22 சதவீத வரி முறையைத் தேர்ந்தெடுத்த கம்பெனி என்றால் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17 சதவீதம், 10 லட்சத்துக்குச் சற்று மேல் வரி. அடுத்த வருடம் திரும்பி வரும்தான். ஆனால் இந்த வருடம் அந்தப் பத்து லட்சத்தை வங்கிக் கடனில்தான் கட்டுவார்கள், வட்டியோடு. சப்ளையர்களில் யார் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர், யார் வெறும் வியாபாரி என்று பிரித்து (வியாபாரிகளுக்கு இந்த விதி பொருந்தாது), பிப்ரவரியிலேயே கட்டவேண்டிய பட்டியலை நீங்கள் நீட்டினால், சிஏ என்றால் என்ன என்று எம்டிக்கு விளக்கவேண்டிய அவசியம் இருக்காது.

டேலியில் எடிட் லாக் விஷயமும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருள், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று பதிந்துகொண்டே இருக்கவேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்கவேண்டும். பழைய தேதியில் வவுச்சரை அழித்து மாற்றும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், மெதுவாக, யாரையும் குற்றம் சொல்லாமல் நிறுத்தவையுங்கள்.

உங்களுக்கு ஒரு ஆசை வரலாம். 200 கோடி அல்லது அதற்கு மேல் விற்றுமுதல் உள்ள தனியார் கம்பெனிக்கு உள் தணிக்கையாளர் ஒருவரை நியமிப்பது 138ஆவது பிரிவின்படி கட்டாயம். அவர் கம்பெனி ஊழியராகவும் இருக்கலாம். உங்கள் மில் 240 கோடி. இப்போது வெளியிலிருந்து ஒரு ஃபர்முக்குப் பணம் கொடுத்துச் செய்துகொண்டிருப்பார்கள். ‘அந்த வேலையை எனக்குக் கொடுங்கள், ஃபீஸ் மிச்சம்’ என்று சொல்லலாமே? சொல்லலாம், கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கும். நான் சொல்லமாட்டேன். நேற்று வரை நீங்கள் போட்ட என்ட்ரியை நாளை நீங்களே தணிக்கை செய்வதில் என்ன அர்த்தம்? அதைவிட, மேனேஜர் பாஸ் செய்யும் ஒவ்வொரு வவுச்சரையும் நீங்கள் கேள்வி கேட்கும் நிலை வந்துவிடும். சொல்லிக்கொடுத்தவருக்கு அது சாகும்வரை மறக்காது. மூன்று வருடம் கழித்து, உங்கள் கை கணக்கு எழுதுவதிலிருந்து முழுதாக விலகிய பிறகு, பார்க்கலாம்.

கேட்கும் நேரம் முக்கியம். செப்டம்பரில் வாயே திறக்காதீர்கள். டாக்ஸ் ஆடிட்டும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் 30ஆம் தேதியில் வந்து நிற்கும், யாருக்கும் காது கேட்காது. ஆயுத பூஜை முடிந்து, ஃபைல்கள் மூடிய பிறகு கேளுங்கள். அப்போதுதான் அந்த வருட ஆடிட்டில் நீங்கள் எவ்வளவு தாங்கினீர்கள் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். வெளி ஆடிட்டரும் ஒரு நல்ல வார்த்தை சொல்வார். சம்பளத்தை முதல் வாக்கியத்தில் வைக்காதீர்கள். முதலில் பொறுப்பு: வரி, வங்கி, வருடக் கணக்கு முடிப்பது மூன்றும் என் பெயரில். ஜிஎஸ்டி, வருமான வரி அதிகாரிகள் முன் கம்பெனி சார்பில் ஊழியர் ஒருவர் ஆஜராகச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கான அதிகாரக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். பீபிகுளம் வரி அலுவலகத்துக்கு ஒரு தடவை கம்பெனிக் கடிதத்தோடு போய் வந்துவிட்டால் உங்கள் அலுவலகத்திலேயே உங்களைக் கூப்பிடும் விதம் மாறும். இது அனுபவத்தில் சொல்வது. அப்புறம் அந்தப் பொறுப்புக்கு ஏற்ற பதவிப் பெயர். அதன் பிறகு சம்பளம், ஒரு எண்ணாக, தயங்காமல். செய்தித்தாளில் வரும் கேம்பஸ் பேக்கேஜ்களை இழுக்காதீர்கள். அது பெருநகரக் கணக்கு. உங்கள் இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு சிஏவை எடுத்தால் இந்த ஊரில் என்ன கொடுப்பார்கள் என்பதை இரண்டு மூன்று இன்டர்வியூ போய் நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். எது ஒத்துக்கொண்டாலும் திருத்திய நியமனக் கடிதமாக வாங்குங்கள். “ஏப்ரல்ல பாத்துக்கலாம்மா” என்பது கடிதம் இல்லை.

அந்த எம்டி சொன்ன வார்த்தை. அதைக் கேட்டு எனக்கே வயிறு எரிந்தது. இந்தியாவின் முதல் பெண் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆர். சிவபோகம் நம் தமிழ்நாட்டுக்காரர். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய்விட்டு வந்து, 1933இல் கணக்கியல் தேர்வில் வென்றவர். பின்னாளில் இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கே தலைவராக இருந்தவர். தொண்ணூறு வருடம் கழித்தும் இப்படி ஒரு பேச்சு. ஆனால் கோபத்தை ஒதுக்கிவிட்டு அந்த வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். உங்களுக்கு ஏன் இன்னும் எதுவும் தரவில்லை என்பதற்கு எம்டி தானே எழுதிக் கொடுத்த காரணம் அது. திறமை இல்லை என்று அவர் சொல்லவில்லை. போகமாட்டாய் என்று சொல்கிறார். அந்தக் கணக்கு தப்பு என்று அவருக்குத் தெரியவேண்டும். மிரட்டவேண்டாம், ராஜினாமாக் கடிதத்தை ஆட்டவேண்டாம். வேறு இடத்துக்குப் போக முடியும் என்ற நிலையில் நீங்கள் உண்மையிலேயே இருந்தால் போதும், பேச்சில் தானாகவே தெரிந்துவிடும்.

வழிகளும் இருக்கின்றன. ராஜபாளையம், திண்டுக்கல் மில்கள், விருதுநகர் எண்ணெய், பருப்பு வியாபாரம், சிவகாசி அச்சகங்கள் எல்லாம் ரயிலிலோ பஸ்ஸிலோ எட்டும் தூரம்தான். இன்ஸ்டிட்யூட் நடத்தும் கேம்பஸ் வேலைவாய்ப்பு முகாம் புதிதாகத் தேறியவர்களுக்கு மட்டும், அந்த வாசல் ரொம்ப நாள் திறந்திருக்காது. போகிறீர்களோ இல்லையோ, பதிவு செய்ய முடியுமா என்று இப்போதே பாருங்கள். சொந்தமாக போர்டு மாட்டுவதை இப்போதைக்கு யோசிக்கவேண்டாம் என்பேன். சிஓபி வாங்கினாலும் நாம் இஷ்டத்துக்கு விளம்பரம் செய்ய முடியாது. ஆள் வந்து சேர வருடங்கள் ஆகும், அதுவரை வீட்டுச் செலவை யார் பார்ப்பது என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

உடனே விடவேண்டாம். ஒரு ஆடிட் சீசன் கொடுங்கள், அதாவது இன்னும் ஒரு ஆயுத பூஜை வரை. அதற்குள் உறுப்பினர் எண், அந்த ஒரு தாள், மேனேஜரோடு பேச்சு, கையில் குறைந்தது ஒரு வெளி ஆஃபர். நவம்பரிலும் எழுத்தில் எதுவும் வரவில்லை என்றால், மேனேஜரிடம் முதலில் சொல்லிவிட்டு, நோட்டீஸ் பீரியடை ஒழுங்காக முடித்து, பொன்னாடையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சி ஃபாரம் லிஸ்டை முடிக்க எட்டு மாதம் பிடித்தது. முடித்தபோது எந்தப் பார்ட்டி எதனால் இழுக்கிறான் என்பது மேனேஜரைவிட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வணிக வரி அலுவலகத்தில் ஹியரிங் வந்த அன்று, பழைய சண்டையை எல்லாம் மறந்து, மேனேஜரே “நீயும் வாப்பா” என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். அங்கே அதிகாரி கேட்ட முதல் கேள்விக்கு அவர் என் பக்கம் திரும்பினார்.